ஆதார் காட்டினால் தோட்டா கிடைக்காது

அண்ணே, 'கடையில் ஆதாரைக் காட்டினால் போதும், தோட்டா கொடுத்துவிடுவார்கள்' என்று நீங்கள் எழுதியது தவறு. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். காரைக்குடியில் எங்கள் பெரியப்பா வீட்டுக் காவலுக்கு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார், அவரோடு கடைக்குப் போயிருக்கிறேன். கடைக்காரர் உரிமத்தில் இருந்த போட்டோவையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, எத்தனை வாங்க அனுமதி, இந்த வருடம் ஏற்கெனவே எத்தனை வாங்கியாயிற்று என்று பக்கம் புரட்டி எண்ணி, அப்புறம்தான் தேதியும் எண்ணிக்கையும் எழுதி முத்திரை குத்தினார். பல வருடம் தெரிந்தவர்தான், இருந்தும் விடவில்லை, அதுதான் சரி. பழைய வீட்டைப் பிரிக்கும்போது பெட்டகத்தில் நாலு தோட்டா கிடைத்தால்கூட உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்வது குற்றம். உங்கள் பேச்சை நம்பி யாராவது மாட்டிக்கொள்வதற்குள் தயவுசெய்து அதைத் திருத்துங்கள்.