‘ஆக்சிலரேட்டர் நம் கையில்தானே இருக்கிறது’ என்பவர்களுக்கு

முதல் ஸ்போர்ட்ஸ் பைக்காக 400 சிசி வாங்கலாமா, நேராக 1000 சிசிக்கே போய்விடலாமா என்று கேட்டு எனக்கு அடிக்கடி செய்திகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இம்முறை விரிவாகவே எழுதிவிடுகிறேன். சிறியதில் தொடங்கி, பெரியதற்குப் போய், அதை மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டு, மீண்டும் சிறியதற்கே திரும்பியவன் நான். பெரிய இன்ஜின்மீது எனக்குக் காழ்ப்பு எதுவும் இல்லை. அது தரும் உந்துதலை இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

கேட்பவர்களில் பெரும்பாலோர் ஒரு வாதத்தைக் கையோடு கொண்டுவருகிறார்கள். சின்ன வண்டி ஆறு மாதத்தில் அலுத்துவிடும், அதை விற்று இன்னொன்று வாங்குவது வீண் அலைச்சல், பெரியதையே வாங்கி நிதானமாக ஓட்டினால் போயிற்று, ஆக்சிலரேட்டர் நம் கையில்தானே இருக்கிறது என்பார்கள். இதில் கடைசி வரியைத்தான் நான் ஏற்கவில்லை.

வளைவின் நடுவே தார் பெயர்ந்து கிடந்த ஒரு பள்ளத்தில் என் 400 சிசி வண்டி இறங்கி ஏறியது. உடல் பின்னோக்கித் தள்ளப்பட, கைகள் தாமாகவே ஹேண்டில்பாரை இறுகப் பற்றின. வலது மணிக்கட்டு கீழே மடிந்து ஆக்சிலரேட்டர் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டது. இன்ஜின் சத்தம் உயர்ந்ததே தவிர, வண்டி தன் போக்கை விட்டு விலகவில்லை. சில ஆண்டுகள் கழித்து, வேறொரு சாலையில், ஏறக்குறைய அதே வேகத்தில், 1000 சிசி வண்டியில் அதே பிழை நேர்ந்தது. மீட்டரில், பின்சக்கரம் சுழன்று வழுக்குவதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு படபடவென்று மின்னியது. பின்சக்கரம் வெளிப்பக்கமாக நழுவி மீண்டும் பிடித்துக்கொண்டது. நான் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த்தான் வண்டியைத் திருப்ப முடிந்தது. எதிரே யாரும் வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த அரை நொடியில் நான் எந்த முடிவையும் எடுக்கவில்லை. நிதானமாக ஓட்டுவேன் என்று எனக்கு நானே கொடுத்திருந்த வாக்குக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

இதன் காரணம் எளிமையானது. 400 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின் தரும் முறுக்குவிசை 40 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. 1000 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினோ 110 நியூட்டன் மீட்டரைத் தொடுகிறது. மணிக்கட்டு அசையும் அளவு இரண்டிலும் ஒன்றுதான், இன்ஜின் தரும் முறுக்குவிசைதான் ஏறத்தாழ மூன்று மடங்கு. எடையில் மட்டும் அந்த வேறுபாடு இல்லை: கவாஸாகி நிஞ்ஜா 400 எரிபொருளோடு சுமார் 168 கிலோ என்றால், 1000 சிசி யமஹா ஆர்1 சுமார் 200 கிலோ. முன்னதில் 45 குதிரைத்திறன் அளவு, பின்னதில் 200 அளவு. பிந்தையதன் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு குதிரைத்திறன் இருக்கிறது. லிட்டர் பைக்குகள் எனப்படும் 1000 சிசி வண்டிகள் பலவும் முதல் கியரிலேயே மணிக்கு 150 கிலோமீட்டரை எட்டிவிடக்கூடியவை. மீதி ஐந்து கியர்கள் எதற்காக என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக்சிலரேட்டரைத் திறப்பதைப் போலவே மூடுவதிலும் ஆபத்து உண்டு. இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வேகமாக வந்துவிட்டோம் என்ற பயம் வளைவுக்குள் தட்டினால், புதியவர் கை ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டுவிடும், கூடவே முன் பிரேக்கையும் பிடிக்கும், சாய்ந்திருக்கும் முன்சக்கரம் பிடியை இழக்கலாம். பெரிய இன்ஜின் வண்டியில் இரண்டு வளைவுகளுக்கு இடையே சேர்த்துவிடும் வேகம் அதிகம் என்பதால் இந்தப் பயம் அடிக்கடி வரும், வரும்போது கையில் நேரமும் இருக்காது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அதைக் கையாலும் காலாலும் படிக்கச் சிறிய வண்டி அவகாசம் தருகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், மழைக்கால மோடு எல்லாம் உயிர் காப்பவை, அவை உள்ள வண்டியையே வாங்கச் சொல்வேன். ஆனால் டயருக்கும் சாலைக்கும் இடையே இல்லாத பிடிமானத்தை எந்தக் கருவியாலும் உண்டாக்க முடியாது.

சிசி என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யமஹா ஆர்6 வண்டியின் இன்ஜின் 599 சிசி. நிஞ்ஜா 650 வண்டியுடையது 649 சிசி. எண் பெரியதாக இருக்கும் நிஞ்ஜா 650 தருவது 70க்கும் குறைவான குதிரைத்திறன். ஆர்6 தருவதோ 115க்கும் மேல். ஆர்6 பந்தயக்களத்தை மனத்தில் வைத்துச் செய்த நான்கு சிலிண்டர் இன்ஜின், உயர்ந்த ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் மிக வேகமாகச் சுழலும்போதுதான் விழித்துக்கொள்ளும், அப்படி விழிக்கும்போது முன்னறிவிப்பு கொடுக்காது. இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமானால் ஒரே நிறுவனத்தின் நிஞ்ஜா 400, நிஞ்ஜா இசட்எக்ஸ்-4ஆர் இரண்டையும் பாருங்கள். இரண்டும் 399 சிசி. முதலாவது இரண்டு சிலிண்டர், இரண்டாவது நான்கு சிலிண்டர், அதன் ஆற்றல் 75 குதிரைத்திறனுக்கும் மேல். ஜப்பானில் நடுத்தர உரிமத்துக்கான எல்லை 400 சிசி என்பதால் அங்கே இவை ஒரே வகுப்பில் வருகின்றன; ஐரோப்பிய ஒன்றியத்தில் இடைநிலை பைக் உரிமமான ஏ2வோ சிசியைப் பார்ப்பதில்லை, ஆற்றல் 35 கிலோவாட்டையும் (சுமார் 47 குதிரைத்திறன்), கிலோவுக்கு 0.2 கிலோவாட்டையும் தாண்டக் கூடாது என்கிறது. என் மனத்துக்கு இரண்டாவது முறையே சரியாகப் படுகிறது. வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதும் எடைக்கு எவ்வளவு ஆற்றல், அது எந்த ஆர்பிஎம்மில் எப்படி வருகிறது என்ற இரண்டையும் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அலுத்துப்போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேர்ச்சாலையில் அலுக்கும், மறுக்கவில்லை. வளைவில் நிலைமை வேறு. உலகின் உச்ச பைக் பந்தயமான மோட்டோஜிபி 2007இல் இன்ஜின் அளவை 990 சிசியிலிருந்து 800 சிசியாகக் குறைத்தபோது, வீரர்கள் வளைவுக்குள் முன்பைவிட அதிக வேகத்தைக் காத்துச் செல்லும் பாணிக்கு மாற வேண்டியிருந்தது. உலகின் மிகச் சிறந்தவர்கள்கூடப் பொதுவாக மோட்டோஜிபியின் கீழ்ப்பிரிவுகளான 250 சிசி ஒற்றை சிலிண்டர் மோட்டோ3, பிறகு 765 சிசி ட்ரையம்ஃப் இன்ஜின் பூட்டிய மோட்டோ2 என்று படிப்படியாக ஏறித்தான் 1000 சிசிக்கு வருகிறார்கள். பிரேக்கை எங்கே விடுவது, வளைவுக்குள் எவ்வளவு வேகத்தைக் காப்பது என்பதெல்லாம் சிறிய வண்டியில்தான் பிடிபடுகிறது. பெரியதில் வளைவில் இழந்ததை அடுத்த நேர்ச்சாலையில் ஈட்டிவிடலாம் என்பதால், கற்காமலே காலம் தள்ளிவிட முடியும்.

நானே அப்படித்தான் தள்ளியிருக்கிறேன். என் 1000 சிசி வண்டியின் பின் டயரை மாற்றிய அன்று கழற்றிய டயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து மழுமழுவென்று இருந்தது. இரு ஓரங்களிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் புது டயரின் பளபளப்பு அப்படியே இருந்தது. மூன்று ஆண்டுகளாக நான் அதை நேராக மட்டுமே ஓட்டியிருந்தேன் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. இப்போதுள்ள 400இன் டயர் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே சீராகத் தேய்கிறது.

யாருக்குப் பெரியது பொருந்தும்? பல ஆண்டுகள் ஓட்டிப் பழகி, பந்தய ட்ராக்கில் அடிக்கடி நேரம் செலவிட்டு, சிறிய வண்டியின் முழு ஆற்றலையும் பயன்படுத்தித் தீர்த்துவிட்டவர்கள் தாராளமாக வாங்கலாம். உயரமும் உடல் எடையும் கூடியவர்களுக்குச் சிறிய வண்டி குறுகலாக இருப்பது உண்மை. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் முந்த வேண்டியவர்களுக்கு 400 போதாமல் போவதும் உண்மை. இவர்களில் பலருக்கும் நான் சொல்வது 650 முதல் 700 சிசி வரையிலான இரட்டை சிலிண்டர் வண்டிகளைத்தான். யமஹா ஆர்7 போன்ற 689 சிசி வண்டியில் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை இருக்கிறது, 73 குதிரைத்திறன் சாலைக்குத் தேவையானதைவிட அதிகம்தான், சீற்றம் மட்டும் இல்லை. பராமரிப்பு, டயர், காப்பீடு ஆகியவை பெரிய வண்டியில் கூடுதல் என்பதை எல்லோரும் அறிவார்கள். நெரிசலில் அந்த இன்ஜினின் சூடு தொடையைச் சுடுவதைப் போய் உட்கார்ந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

வாங்குமுன் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஆள் இல்லாத நேர்ச்சாலையில் முறுக்கிப் பார்ப்பதால் பயனில்லை, அங்கே பெரியதுதான் எப்போதும் மனத்தைப் பறிக்கும். மேடுபள்ளமான, குறுகலான ஒரு வளைவுக்குக் கொண்டுபோங்கள். இரண்டாம் கியரில், மிதமான வேகத்தில், ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்தபடி ஐந்தாறு முறை திரும்புங்கள். தோள்கள் இறுகியிருக்கின்றனவா, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். எந்த வண்டியில் மூச்சு இயல்பாக வருகிறதோ, அதற்கே முன்பணம் கட்டுங்கள்.