படிக்காமலே மறுத்த கடிதத்துக்கு நாம் ஏன் பணிய வேண்டும்?

டெங்குவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்த டீச்சர் அக்காவின் மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம் விஷயம் இங்கே எல்லாருக்கும் தெரியும், அவரே பதிவு போட்டிருந்தார், முழுசாக மறுபடி சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரிப் பேப்பர்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி ராத்திரி ஏற்றியிருக்கிறார், சில நிமிடங்களில் "நிராகரிக்கப்பட்டது" என்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மெசேஜ். வீட்டிலிருந்தே பார்த்திருக்கக் கூடிய காய்ச்சலாம், அட்மிட் ஆகத் தேவையே இல்லையாம். அந்தக் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்க்கவே ஒரு டாக்டருக்கு அதைவிட நேரம் ஆகும். அதைவிட எனக்கு வலித்தது அவர் பதிவின் கீழே வந்த கமென்ட்கள். "பாலிசி கண்டிஷனைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் இப்படித்தான்." டெங்குவில் பிளேட்லெட் இறங்கிப் படுத்துக் கிடந்தவரிடம் சொல்கிற பேச்சா இது?

அவர் கண்டிஷனைப் படித்தாரா என்று கேட்கிறீர்களே, அவருடைய பேப்பரை அவர்கள் படித்தார்களா என்று ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை?

நான் கற்பனையாகப் பேசவில்லை. அமெரிக்காவில் சிக்னா என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம் பற்றி 2023 மார்ச்சில் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. 2022இல் இரண்டே மாதத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட க்ளெய்ம்களை அந்த நிறுவனத்து டாக்டர்கள் மறுத்திருக்கிறார்கள், ஒன்றுக்குச் சராசரியாக 1.2 வினாடி. நிறுவனத்தின் பட்டியலோடு பொருந்தாத க்ளெய்ம்களைக் கணினி பொறுக்கி எடுத்துக் கொடுக்கும், டாக்டர் ஃபைலைத் திறக்காமலே மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார். அந்தச் செய்தி ஒருதலைப்பட்சமானது என்றது நிறுவனம். ஆனாலும் கலிஃபோர்னியாவில் சட்டமே வந்துவிட்டது: மருத்துவத் தேவை இல்லை என்று மறுப்பதை மென்பொருள் மட்டும் முடிவு செய்யக் கூடாது, தகுதியுள்ள மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

நம் ஊரிலும் விதி இல்லாமல் இல்லை. காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29 அன்று வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலரில், அதாவது விதிகளைத் தொகுத்த சுற்றறிக்கையில், தெளிவாக இருக்கிறது: நிறுவனத்துக்குள் இருக்கும் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்படியென்றால் அக்காவுக்கு அந்த ராத்திரியில் எந்தக் குழு கூடியது? அதைத்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். யார் படித்தது, எந்த விதி, குழு ஒப்புதல் தந்ததா. கஸ்டமர் கேரில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள், அந்தச் சாட்பாட் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லும். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள்.

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் என் அப்பா. நெஞ்சுவலி என்று பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அவசரத்தில் டூட்டி டாக்டர் கேட்க, அவர் தனக்குத் தெரிந்த மாதிரி "சுகர் ரொம்ப வருஷமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரையே கிடையாது, பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் ஃபைலில் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, நோயை மறைத்து பாலிசி எடுத்தார் என்று மறுத்துவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்து வந்து படுத்திருந்த மனுஷன் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்காங்களாப்பா?" என்று கேட்டார். வாழ்நாளில் யாரிடமும் ஒரு ரூபாய் ஏமாற்றாதவர். சிகிச்சை செய்த டாக்டரிடம் பதிவு தவறு என்று திருத்தச் சான்று வாங்கி, பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்துக் நிறுவனத்துக்கு வெளியே இருந்து புகாரை விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம் போனோம். பணம் வந்தது. பொய்யர் என்று எழுதியதற்கு ஒரு வரி வருத்தம் வரவில்லை, இன்றுவரை.

இதற்கும் சிலர் வருவார்கள். நோயை மறைக்கிறவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள், பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியவரிடம், மோசடி என்று நிரூபிக்காமல், நோயை மறைத்தாய் என்று சொல்லி மறுக்க முடியாது. அந்த விதியும் 2024இல் வந்ததுதான், முன்பு 8 வருடமாக இருந்தது.

ஆட்டோமேஷன் இல்லாவிட்டால் தாமதமாகும் என்று இன்னொருத்தர் எழுதியிருந்தார், ஐடியில் இருப்பவர். அதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவதைக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவு, டிஸ்சார்ஜ் கேட்டால் மூன்று மணி நேரத்தில் இறுதி ஒப்புதல் என்று அதே சர்க்குலர் சொல்கிறது, அத்தனையையும் கையால் பார்க்க முடியாதுதான். சரி, இயந்திரம் பார்க்கட்டும், "கொடுக்கலாம்" என்று அதுவே சொல்லட்டும். "கொடுக்க முடியாது" என்பதை மட்டும் ஒரு மனுஷர் படித்து, தன் பெயரைப் போட்டுச் சொல்லட்டும். இது பெரிய கோரிக்கையா? பிரீமியம் ஒரு நாள் தள்ளிப்போனால் நம்மை அழைக்க ஆள் இருக்கிறார்களே.

இன்னொன்று, மறுப்புக்குப் பதில் எழுத நாமும் ஏஐ உதவியை எடுத்துக்கொள்ளலாம், அமெரிக்காவில் நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் அது இல்லாத விதி எண்ணைக்கூட உறுதியாக எழுதித் தரும், உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்துதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆம்புட்ஸ்மேனிடம் வக்கீலே வைக்க முடியாது, கட்டணமும் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, புகாரை ஆன்லைனிலும் பதியலாம். ஆம்புட்ஸ்மேன் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தீர்ப்பை 30 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும்.

உங்கள் வீட்டில் மறுப்புக் கடிதம் ஏதாவது கிடந்தால் எடுத்துத் தேதியைப் பாருங்கள். வருடம் தாண்டவில்லை என்றால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பதில் எழுதுவோம். பாலிசி நம்பரையும் மருத்துவ ரிப்போர்ட்டையும் கமென்டில் போட வேண்டாம்.