மீந்தால் தருகிறோம்

சென்ற புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் பந்தி முடியும்போது மாலை நான்கு மணி. அரை அண்டா சாம்பார் மீந்திருந்தது. கொட்ட மனமில்லாமல் இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் சாம்பார் சாதமாக அடைத்துக்கொண்டு வந்தேன். ஒன்று எனக்கு, ஒன்று எங்கள் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் மாணவிக்கு.

எப்போது கேட்டாலும் "சாப்பிட்டுவிட்டேன் ஆண்ட்டி" என்பவள். அன்று மேசையில் ஒரு நூடுல்ஸ் பாக்கெட் கண்ணில் பட்டது. பாதியை எடுத்துக்கொண்டு, மீதியைத் துணி உலர்த்தும் கிளிப் போட்டு மூடியிருந்தாள்.

இரவு எட்டு மணிக்கு என் டப்பாவைத் திறந்தால் சாம்பார் ஊசிப்போயிருந்தது. விடியற்காலையில் வைத்ததல்லவா! ஓடிப்போய்ப் பார்த்தேன், அவள் விளக்கை அணைத்திருந்தாள். காலையில் டப்பாவைக் கழுவித் துடைத்துத் தந்து, "மிகவும் நன்றாக இருந்தது ஆண்ட்டி" என்றாள். கொட்டினாளா, சாப்பிட்டாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மீந்ததைக் கொடுத்தால் வீணாவதும் நிற்கும், மாணவர் பசியும் தீரும் என்று நானும் பேசிக்கொண்டிருந்தவள்தான். தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன் உணவு வீணாகிறது. அதில் பெரும்பங்கு நம் தட்டுக்கு வருமுன்பே, வயலிலும் ஆலையிலும் கிடங்கிலும் போய்விடுகிறது. எங்கள் அண்டா அதில் ஒரு துளி. பசியோ மாதக் கணக்கு. அரசின் நிதியுதவிக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டைத் தாண்டக் கூடாது. சற்றே தாண்டிய வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணத்தையும் வாடகையையும் குறைக்க வழியில்லை, வயிற்றைத்தான் குறைக்க முடியும்.

இந்நாட்டின் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011-இல், எந்த மாணவரும் பசியோடிருக்கக் கூடாது என்று ஒரு திட்டம் தொடங்கியது. உணவுக்கென்றே உதவித்தொகை! மிச்சத்துக்குக் காத்திருக்கும் வேலையே இல்லை.

கோயிலிலும் அதையே கேட்கிறேன். நைவேத்தியம் ஆனதும், முதல் பந்திக்கு முன்பே, இருபது டப்பாக்கள் சூடாக மாணவர்களுக்குப் போகட்டும். "பக்தர்களுக்குப் போதாவிட்டால்?" என்கிறார் கமிட்டிப் பெரியவர் ஒருவர். அரை அண்டா சாக்கடைக்குப் போனபோது அவரும் பக்கத்தில்தான் நின்றார்.

இந்தப் புரட்டாசிக்கு நான் டப்பா சேர்க்கத் தொடங்கிவிட்டேன். இதுவரை பதினொன்று. உங்கள் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள், மூடியோடு.