டேட்டா இல்லாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும்

அண்ணை, "கவரேஜ் இல்லாத இடத்தில ஜிபிஎஸ் வேலை செய்யாது, ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கம் போறவைக்கு போன் மப்பால பிரயோசனமில்லை" எண்டு மேல போட்டிருக்கிறியள், அது பிழை. கிட்டத்தட்ட 20,200 கிலோமீற்றர் உயரத்தில சுத்துற செய்மதியள் அனுப்புற சிக்னலை போன் வாங்கிறது மட்டும்தான், திருப்பி ஒண்டும் அனுப்பிறேல்ல, நாலு செய்மதி பிடிபட்டா காணும், அதுக்கு சிம்மும் தேவையில்லை டேட்டாவும் தேவையில்லை.

டேட்டா இல்லாட்டி வராம நிக்கிறது மப்பின்ர படம்தான். ரோட்டுக்கோடு ஒண்டும் இல்லாம வெறும் சாம்பல் கட்டத்துக்கு நடுவில நீலப் புள்ளி மட்டும் நகரும், அதைப் பாத்திட்டுத்தான் கனபேர் ஜிபிஎஸ் நிண்டுபோச்சு எண்டு நினைக்கினம், ஆனா புள்ளி நகருதெண்டாலே அது வேலை செய்யுது. வவுனியாவிலயோ கிளிநொச்சியிலயோ நல்ல கவரேஜ் இருக்கேக்க கூகிள் மப்பில அந்த ஏரியாவை ஓஃப்லைனுக்கு இறக்கி வச்சா மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு வரைக்கும் வழி காட்டும், ட்ரஃபிக் விபரம்தான் வராது.

நீங்கள் சொன்னதில ஒரு உண்மை இருக்கு, டேட்டா இல்லாட்டி முதல்தரம் இடம் பிடிக்க நேரமெடுக்கும். செய்மதி எங்க நிக்குது எண்ட விபரத்தை நெட்டில எடுக்கேலாம செய்மதியிட்ட இருந்தே வாங்கவேணும், அது செக்கனுக்கு 50 பிட் வேகத்திலதான் வரும், அதால அரை நிமிசமாவது வேணும், அடர்ந்த மரத்துக்குக் கீழ இன்னும் கூட, அப்பிடியெண்டா வெளியான இடத்தில கொஞ்சம் நிண்டு பாருங்கோ.

உங்கட கொமெண்டை நம்பி பெடியள் மப்பை இறக்காம இரவில மோட்டர்சைக்கிள்ல வெளிக்கிட்டிடக் கூடாதெண்டுதான் இவ்வளவும் எழுதுறன். இன்னொண்டு, மப் சிலவேளை குளக்கட்டையும் காட்டுப்பாதையையும் ரோட்டெண்டு காட்டும், மிதிவெடி போர்ட் போட்டிருக்கிற பக்கம் அது என்ன சொன்னாலும் இறங்கவேண்டாம்.