அவர்களும் பொங்கல் வைக்கட்டும்

மார்கழி பிறந்துவிட்டால் பார்வையற்றோர் பள்ளிகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "பிள்ளைகளோடு பொங்கல் கொண்டாட வேண்டும், எந்த நாள் தோதுப்படும்?" என்று கேட்பார்கள். கேட்பவர்களின் மனம் நல்ல மனம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தேர்வு எழுதித் தருவதற்காக இந்த விடுதிகளுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில், அந்த விழாக்கள் நடக்கும் விதம் எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

காலையிலேயே மாணவர்களை வரிசையாக உட்கார வைத்துவிடுகிறார்கள். விருந்தினர் வந்ததும் வரவேற்புப் பாட்டுப் பாட வேண்டும். முற்றத்தில் கோலம் போடுவது வந்தவர்கள், அடுப்பு மூட்டுவது வந்தவர்கள், பானை பொங்கும்போது சூழ்ந்து நின்று குலவையிடுவதும் படம் எடுப்பதும் வந்தவர்கள். பிள்ளைகளுக்குக் கடைசியில் ஒரு தொன்னைப் பொங்கலும் ஒரு பரிசுப் பையும் கிடைக்கும். அவர்கள் பெயரில் நடக்கும் விழா, அவர்கள் கை படாமலே முடிந்துவிடுகிறது.

பொங்கலில் பார்வை இல்லாமல் செய்ய முடியாத வேலை என்ன இருக்கிறது? புதுப்பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்ட விரல் போதும். அரிசி களையலாம், வெல்லம் தட்டலாம், தேங்காய் துருவலாம். பால் பொங்கி வருவதைக் காதும் மூக்கும் சொல்லிவிடும். கொதிக்கும் ஓசை மாறும், விளிம்பைத் தாண்டிய பால் நெருப்பில் பட்டுச் சுரீரென்னும். கோலம் மட்டும் முடியாது என்பார்கள். புளியங்கொட்டைகளைப் புள்ளியாக ஒட்டி, மெல்லிய சணல் கயிற்றை அவற்றைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். சிக்குக் கோலத்தின் ஒவ்வொரு நெளிவும் கைக்கு அகப்படும். தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளிகளுக்குள் உலகத்தையே படிக்கிற விரல்கள் அவை.

உறியடியை நினைத்தால் இன்னும் ஆதங்கமாக இருக்கிறது. அந்த விளையாட்டில் நாம் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் கம்பைக் கையில் கொடுக்கிறோம். "இடப்பக்கம், இன்னும் முன்னே" என்று கூட்டம் கத்துவதைக் கேட்டுத் திசை அறிய வேண்டும். அதில் அன்றாடம் தேர்ந்தவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வந்தவர்கள் மட்டும் ஆடுகிறார்கள். காரணம் கேட்டால் "அடிபட்டுவிடும்" என்று பதில் வருகிறது. பார்வையற்றோர் கிரிக்கெட்டில், உள்ளே உலோகக் குண்டுகள் போட்ட பிளாஸ்டிக் பந்தைத் தரையோடு உருட்டி வீசுகிறார்கள். பதினொரு பேரில் நால்வராவது முற்றிலும் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. உலகக் கோப்பை வரை ஆடுகிற ஆட்டம் அது. விதிகளைக் கொஞ்சம் மாற்றியமைத்தால் போதும், யாரையும் ஓரத்தில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் துணி எடுப்பதையும் நிறுத்துங்கள். குறைப்பார்வை உள்ள மாணவர்களுக்கு நிறம் தெரியும். பிறவியிலேயே பார்வையில்லாத மாணவிக்கும் தனக்குப் பிடித்த நிறம் என்று ஒன்று இருக்கும். கேட்டால் சொல்வாள்.

பள்ளிக்குள் நடக்கும் விழாவைவிட ஊரின் விழா முக்கியம் என்பது என் கருத்து. பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அதே ஊரில் தசராவுக்குப் பன்னிரண்டு அம்மன் சப்பரங்கள் வருகின்றன. தாமிரபரணி ஆற்றுக்கு அக்கரையில், திருநெல்வேலியில், ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேர் ஓடுகிறது. தேர்வடம் பிடிக்கக் கண் எதற்கு? ஆயிரம் பேர் இழுக்கும் வடத்தில் தன் கையும் இருக்கிறது என்ற மகிழ்ச்சியைப் பரிசுப் பையில் போட்டுக் கொடுக்க முடியாது. டிசம்பரில் கேரல் பவனி போகிறவர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். பாட்டை முன்கூட்டியே பிரெய்லில் கொடுத்துவிட்டால், வீடுவீடாகப் பாடிப் போகும் குழுவில் இந்த மாணவர்களும் நடப்பார்கள்.

பார்த்தே ஆக வேண்டிய காட்சிகளுக்கும் நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. அழகர் ஆற்றில் இறங்குவதை வானொலியின் நேர்முக வர்ணனையில் கேட்டு வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார், குதிரை வாகனம் எங்கே வந்துகொண்டிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று வர்ணனையாளர் சொல்லச் சொல்ல, வீட்டில் இருந்தவர்களும் வைகைக் கரையில் நின்றார்கள். ஒரு மாணவரின் பக்கத்தில் அமர்ந்து அதேபோல் சொல்ல ஒருவர் இருந்தால் போதும். "அழகாக இருக்கிறது" என்று சொல்லி நிறுத்திவிடாமல், எது எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பிறருக்கு இணையாகப் பங்கேற்பதை அவர்களது உரிமையாகவே சொல்கிறது. யாரும் இரங்கித் தர வேண்டிய ஒன்றல்ல அது.

ஆகவே, இந்தத் தைக்கு ஏதாவது ஒரு பள்ளியை அழைக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேதி கேட்பதற்கு முன் மூத்த மாணவர்களிடம் பேசுங்கள். என்ன சமைப்பது, என்ன விளையாடுவது, யார் எந்த வேலையைச் செய்வது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். படம் எடுப்பதானால் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதித்தால் எடுங்கள். பரிசுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, அவர்களை ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துப் போக ஒரு பஸ் ஏற்பாடு செய்யுங்கள். நீங்களும் அதில் கூடவே போங்கள்.