பொட்டோடு வந்தவரை வாசலில் நிறுத்த நாம் யார்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவ சபை வாசலில், பொட்டோடு வந்த ஒரு இந்து அம்மாவை நிறுத்தியதை நான் மறுபடி முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. சபை குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், ஆடியோவும் கேட்டிருப்பீர்கள். பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர், "அந்தம்மா சரியா புரிஞ்சுக்காம கோவிச்சிட்டுப் போயிட்டாங்க" என்று போட்டதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

கோவிச்சுக்கொண்டா போனார்? நான் செருப்பு விடுகிற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். தலையில் பூ, நெற்றியில் குங்குமம், கையில் ஒரு மெழுகுவர்த்திப் பாக்கெட். பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை, ஜெபம் பண்ணச் சொல்லலாம் என்று வந்திருக்கிறார். "பொட்டை எடுத்துட்டு உள்ள வாங்கம்மா" என்று வாசலில் நின்ற நம் ஆட்கள் சொன்னதும் சேலைத் தலைப்பை எடுத்து நெற்றி வரைக்கும் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டார்.

புருஷன் உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணிடம் நெற்றியைத் துடை என்று சொன்னால் அவர்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? நாம் என்ன பெத்லகேமிலிருந்தா வந்தோம்? நான்கைந்து தலைமுறைக்கு முன்னால் நம் வீட்டுப் பெண்களும் அதே குங்குமத்தோடு இருந்தவர்கள்தான். பிள்ளைக்கு முடியவில்லை என்று தவிக்கிற ஒரு தாயிடம் போய் அதைச் சொல்லலாமா?

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். வருகிறவர் எப்படி வருகிறாரோ அப்படியே உள்ளே கூப்பிட வேண்டும். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, என்ன கஷ்டம் என்று கேட்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. ஒருவேளை மற்றது எதுவுமே நடக்காமல் போகலாம், அந்தம்மா அதே பொட்டோடு வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். போகட்டுமே!

டிசம்பர் வந்தால் நம் பிள்ளைகளுக்கு ஜரிகைத் துணி சுற்றி, சாஸ்திரிகள் வேஷம் போட்டு மேடையில் ஏற்றுகிறோம். அவர்கள் யார்? கிழக்கேயிருந்து நட்சத்திரம் பார்த்து வந்த, யூதரல்லாத புறஜாதி ஆட்கள். பிள்ளையைப் பார்க்க வந்தவர்களிடம் மரியாள் எதையாவது கழற்றிவிட்டு வரச் சொன்னாளா? தன் வேலைக்காரனுக்காகக் கெஞ்சி வந்த நூற்றுக்கு அதிபதி ரோமப் படைக்காரன். அவன் வீட்டில் என்ன சாமி இருக்கிறது என்று இயேசு விசாரிக்கவில்லை. இஸ்ரவேலில்கூட இப்படி ஒரு விசுவாசத்தைப் பார்க்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். யூதர்கள் ஒட்டாமல் ஒதுக்கிவைத்த சமாரியப் பெண்ணிடம் அவரேதான் தண்ணீர் கேட்டார். இதையெல்லாம் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணி நாம் பரிசு வாங்கவில்லையா?

சபைக்கு ஒழுங்கு வேண்டாமா என்கிறார்கள். வேண்டும். ஆனால் அந்த ஒழுங்கு சபைக்காரர்களுக்கு. இன்றைக்கு முதல் தடவை வாசல் ஏறுகிறவருக்கு அதை எப்படி நீட்டுவீர்கள்? பேதுருவின் நிருபத்தில் அலங்காரத்தைப் பற்றி இருக்கிறது என்று ஒரு அண்ணன் வசனம் போட்டிருந்தார். அண்ணே, அதே வசனத்தில் பொன் நகையும் இருக்கிறது. நம் வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை பவுன் என்று எண்ணிச் சொல்கிறோமே, அப்போது அந்த வசனத்தை யார் எடுத்தார்கள்?

இன்னொரு பேச்சு: "இந்தக் காலத்தில் வெளியாள் உள்ளே வந்தாலே மதமாற்றம் என்று புகார் போய்விடும், அந்தப் பயத்தில்தான்..." இந்தப் பயம் எனக்கும் உண்டு. 2002இல் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004இல் எடுக்கப்பட்டது வரை எங்கள் வீட்டில் பெரியவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று நினைவிருக்கிறது. ஆனால் பயத்தில் செய்தோம் என்று இப்போது சொல்வது நியாயமா? பயந்திருந்தால் அந்தம்மா நெற்றியைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டோம். குங்குமத்தை அழித்துவிட்டு வா என்பதைவிடப் பெரிய புகாரை யார் எழுதிக் கொடுக்க முடியும்?

நம் பக்கத்துச் சபைகளில் ஊருக்கே சோறு போடுகிற அசனத்தை யோசித்துப் பாருங்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் எந்தச் சபையில் அசனப் பண்டிகை நடந்தாலும் ஊரே வரும். இந்துக்கள் வருவார்கள், முஸ்லிம்கள் வருவார்கள். ராத்திரியெல்லாம் நம் ஆண்கள் விறகடுப்பில் நின்று புகையில் கண் சிவந்து சமைப்பார்கள். பந்தியில் யார் உட்கார்ந்தாலும் இலை விழும், சோறு விழும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று வாளியோடு பின்னாலேயே நிற்பார்கள். அங்கே யாரும் யார் நெற்றியையும் பார்ப்பதில்லை. சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிற மனசு ஆராதனைக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

வேளாங்கண்ணியைப் பற்றி நம் ஆட்களுக்கு ஆயிரம் விமர்சனம். இருக்கட்டும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் அங்கே போய்ப் பாருங்கள். மொட்டை போட்டு, சந்தனம் தடவி, மஞ்சள் சேலை கட்டி வருகிறவர்களை அந்தக் கோயில் அப்படியே உள்ளே விடுகிறது. பாளையங்கோட்டையில் மிஷனரி ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதும், வேலூரில் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கியதும் வந்தவர்களின் மதத்தைக் கேட்டுவிட்டா? அவர்கள் பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அந்த மரியாதைக்கு நாம் செய்தது என்ன?

ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸை எல்லாருக்கும் தெரியும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கணவரையும் இரண்டு மகன்களையும் உயிரோடு கொளுத்தினார்கள். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. அந்தத் தாய் மன்னித்துவிட்டேன் என்று சொன்னார். சொன்னதோடு ஊருக்குக் கிளம்பிவிடவில்லை, பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் ஒருத்தியால் அங்கேயே இப்படி இருக்க முடிந்திருக்கிறது. நமக்கு ஒரு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார முடியவில்லை.

"ஒரு சின்ன விஷயத்தை இவ்வளவு பெரிசாக்குறியேம்மா" என்று எனக்குப் போன் பண்ணிய பெரியம்மாவுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இது சின்ன விஷயமில்லை. அப்பா இறந்தபோது எங்கள் எதிர்வீட்டு அக்கா ராத்திரி முழுக்க அம்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் வீட்டு அடுப்பில்தான் எங்களுக்குக் காபியும் இட்லியும் வந்தது. அடக்க ஆராதனைக்குக் கோயில் வரைக்கும் நடந்துவந்தவர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டார். உள்ளே வரலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. நம் சபையில் யாருக்கும் "வாங்கக்கா" என்று சொல்லத் தோன்றவில்லை. நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன், வெயிலில் கறுத்துப் போயிருந்தது. எங்கள் அப்பாவுக்காக அழுதவர் அவர். உள்ளே உட்கார்ந்து கைவிசிறியை ஆட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள்.

வெளியே இருந்து வருகிறவரிடம் மட்டுமா இப்படி? இந்துவாயிருந்த தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் எடுத்த வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று கோயிலைக் கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள். அதை இடிக்கிறதுக்குள் இருபதாம் நூற்றாண்டு பிறந்துவிட்டது. சாதி பார்க்காமல் பழகிய அந்தத் தேவசகாயத்தைத்தான் 2022இல் ரோமில் புனிதராக்கினார்கள். அது கத்தோலிக்கர் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் சபையில் மாப்பிள்ளை தேடும்போது முதலில் என்ன கேட்கிறோம் என்று அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். சொந்த விசுவாசியையே தூரத்தில் வைத்துப் பழகிய கை, பொட்டு வைத்தவரைப் பார்த்ததும் தானாக நீண்டு மறித்துவிட்டது. எனக்கு அப்படித்தான் படுகிறது. கோபப்படுகிறவர்கள் படுங்கள்.

பாவத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாயா என்று கமெண்டில் கேட்க வருவீர்கள். எதைப் பாவம் என்கிறீர்கள்? பிள்ளைக்காகத் தெரிந்த வாசலையெல்லாம் தட்டுவதையா? "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்று மத்தேயு 25இல் இருக்கிறது. அதற்குக் கீழே நிபந்தனை எதுவும் போட்டிருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தம்மா வீட்டுக்குப் போகிறேன். பெண்கள் சங்கத்தில் யாராவது வருவதாக இருந்தால் வாருங்கள். துண்டுப்பிரசுரம் வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று விசாரித்துவிட்டு வரலாம். அவர்களாகக் கேட்டால் ஜெபிப்போம். அப்புறம், வாசலில் நிற்கிறவர்கள் வருகிற யாரையும் எதையும் அழிக்கச் சொல்லக் கூடாது, கழற்றச் சொல்லக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட வேண்டும் என்று எழுதி நம் போதகர் ஐயரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட நினைக்கிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள்.