வடக்கே இருக்கும் ஊருக்குத் தெற்கே போய்

வாகனத்தின் வேகத்தை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து பெருமை பேசுகிறவர்களை, பழைய வழியில் ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

சென்னை எங்களுக்கு வடக்கே இருக்கிறது. நாங்களோ தெற்கு நோக்கிப் புறப்படுவோம். இரவு பஸ்ஸில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். மடியில் ஒரு பை, காலுக்கடியில் ஒரு பை, பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறதா என்று சட்டைப்பையை அடிக்கடி தடவும் கை. புத்தளம், சிலாபம் தாண்டி, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கும்போது கண்ணெல்லாம் எரியும். பிறகு விமானம். அது மறுபடி வடக்கே பறக்கும். இரவு முழுக்க நொந்து கடந்த தூரத்தை அரை மணி நேரத்தில் திருப்பிக் கடந்துவிடும். இதற்குப் பெயர் வேகமாம்!

2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. காற்றாடி வைத்த சின்ன விமானம். கொழும்பிலிருந்து பறக்கும் ஜெட்டோடு ஓடினால் தோற்றுவிடும். ஆனாலும் ஒரு நாள் பாட்டை ஒன்றேகால் மணி நேரமாக்கியது அதுதான். 2023இல் யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்கு நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல் இன்னும் மெதுவானது, ஏறக்குறைய நான்கு மணி நேரம். பருவமழை வந்தால் அதை நிறுத்திவிடுகிறார்கள். அதனாலேயே அதை நம்பி யாரும் கல்யாணத்துக்கு நாள் குறிக்க முடியாது.

இத்தனைக்கும் 1914இலேயே பாம்பன் பாலம் திறந்து, சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்தார். ஒரே டிக்கெட். நீராவி எஞ்சின்தான் இழுத்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றது. அதற்குப் பின் வந்த வேகமான எஞ்சின்கள் எதுவும் அந்தப் பயணியை மறுகரையில் இறக்கவில்லை.

தலைமன்னாருக்கு 2015இல் ரயில் திரும்பிவிட்டது. பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுப் பாலமும் திறந்தாயிற்று. இடையில் கிடப்பது கடல்தான். கடல்மேல் பாலம் போடலாம் என்று அவ்வப்போது பெரிய பேச்சு எழுகிறது. எனக்கு அவ்வளவு ஆசையில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சொன்ன நேரத்துக்குப் புறப்படும் சாதாரணக் கப்பல் விடட்டும். சாமானுக்குக் கொஞ்சம் தாராளமாக இடம் கொடுத்தால் இன்னும் நல்லது. எங்கள் ஆட்கள் சென்னைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அல்லர்.